அக்காவின் காரும் ஒரு ஹீற்றரும்

கனடாவின் வின்னிபெக் நகரில் நான் போய் இறங்கிய மறுநாள், தெருவில் நின்ற கார்களைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அநேகமான கார்களின் முன்பக்கத்தில் ஒரு வயரும் பிளக்கும் தொங்கிக்கொண்டிருந்தன. "என்னக்கா, இங்கே எல்லாக் காரும் கரண்டிலயா ஓடுது?" என்று கேட்டேன். "இல்லையடி, பெற்றோலிலதான் ஓடுது. ஆனால் இரவில கரண்ட் குடுக்காட்டி விடிய எழும்பாது" என்றார் அக்கா.

அக்காவின் காரில் மட்டும் அந்த வயர் இல்லை. அதனால் அவர் பட்ட பாட்டையும், கடைசியில் அவர் எடுத்த முடிவையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பனியே இல்லாத எங்கள் ஊரில் இந்தக் கதை எதற்கு என்று நீங்கள் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள் சகோதரிகளே.

அக்கா என் பெரியம்மாவின் மகள். 1995 இடப்பெயர்வின்போது ஏழு வயதுப் பிள்ளையான என்னைக் கைப்பிடித்து நடத்திக் கொண்டுபோனவர். 2003 இல் திருமணமாகி ரொறன்ரோவுக்குப் போனார். பின்னர் அத்தானின் வேலை காரணமாகக் குடும்பம் வின்னிபெக்குக்கு மாறியது. 2017 இல் அத்தான் மாரடைப்பில் காலமானார். இரண்டு பிள்ளைகளோடு தனித்துப்போன அக்கா, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். அவர் இருக்கும் பகுதியில் அந்த நேரத்துக்கு பஸ் வசதி இல்லை. கார் ஓடினால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அடுப்பு எரியும்.

அத்தான் இருந்தபோது அவர்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தில் கார் நிலக்கீழ்த் தளத்தில் கதகதப்பாக நின்றது. அவர் போனபின் வாடகை குறைந்த வீட்டுக்கு மாறினார்கள். கார் வெட்டவெளி முற்றத்துக்கு வந்தது. ரொறன்ரோவில் வாங்கிய கார் என்பதால் அதில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீற்றர் பூட்டப்பட்டிருக்கவில்லை.

நான் மூன்று மாத விசாவில் அங்கு நின்றது 2019 ஜனவரியில். மாத இறுதியில் குளிர் மைனஸ் 30 பாகையையும் தாண்டிப் போனது. விடிய ஐந்தரைக்கு அக்கா திறப்பைத் திருகினார். 'ளொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்று வேலைக்குப் போக முடியவில்லை. அந்த வாரத்திலேயே இரண்டாவது தடவையும் அப்படி நடந்தது. இன்னொரு முறை வராவிட்டால் அந்த நேர வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அன்றிரவு அத்தானின் தம்பி வந்தார். நல்ல மனிதர். "காரை வித்துப்போடுங்கோ அண்ணி. உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? நான் ஏத்தி இறக்கிறன்" என்றார். அவர் போனபின் அக்கா என்னிடம் சொன்னார்: "அவன் மனசார எண்டுதான் சொல்லுறான். ஆனால் பிறகு அவன்ர நேரம்தான் என்ர நேரம். அவனுக்குக் காய்ச்சல் எண்டால் எனக்கும் லீவு. பிள்ளையை டொக்டரிட்டக் கொண்டுபோகவும் அவனைத்தான் கேக்கோணும்." துணையை இழந்த பெண்கள் பலர் வாய்விட்டுச் சொல்லாத வேதனை இது. ஒருவரும் எங்களைக் கொடுமைப்படுத்த வேண்டியதில்லை. அன்பாகவே எங்களைக் கையேந்த வைத்துவிடலாம்.

மறுநாள் தொலைபேசியில் ஆளுக்கொரு ஆலோசனை வந்தது. அடியில் ஒட்டும் காந்த ஹீற்றர் மலிவு என்றார் ஒருவர். எண்ணெய் அளக்கும் கம்பியின் துவாரத்துக்குள் விடும் ஹீற்றர் போதும் என்றார் இன்னொருவர். இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழும்பி ஸ்ரார்ட் பண்ணி விடச் சொன்னார் மற்றொருவர். பிள்ளைகளைப் பார்த்து, வேலைக்கும் போகும் தாய் இரவில் எத்தனை தடவை எழும்புவது?

வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் சொல்லிவிட்ட வயதான மெக்கானிக்கிடம் இருவரும் போனோம். அவர் முதலில் கார் ஏன் எழும்பவில்லை என்று விளக்கினார். கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெய் பாகுபோலத் தடித்துவிடும். அதனால் எஞ்சினைச் சுழற்றக் கூடிய பலம் தேவைப்படும். அதே நேரத்தில் பற்றரியின் பலமோ மைனஸ் 18 பாகையளவிலேயே ஏறக்குறையப் பாதியாகிவிடும். பெற்றோலும் குளிரில் இலகுவாக ஆவியாகாது. எனக்கு மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வந்தது. அக்காவுக்கோ தடைக்காலத்தில் என் அப்பா மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்தான் நினைவில் வந்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது என்று, முதலில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிச் சூடேற்றுவார். "அதே சங்கதிதான்" என்றார் அக்கா.

பின்னர் அந்த மெக்கானிக் எதையும் விற்க முயலாமல் மூன்று கேள்விகள் கேட்டார். கார் இரவில் எங்கே நிற்கிறது? பக்கத்தில் மின்சார பிளக் இருக்கிறதா? காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள்? முற்றத்தில் நிற்கிறது, வீட்டுச் சுவரில் பிளக் இருக்கிறது, ஐந்தரைக்குப் புறப்படவேண்டும் என்றார் அக்கா. அதன் பிறகுதான் ஹீற்றர் வகைகளைப் பற்றிப் பேசினார்கள்.

காந்த ஹீற்றர் மலிவுதான், எவரும் பூட்டலாம். ஆனால் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டு இரும்பாக இருக்கவேண்டும். அக்காவின் காரில் அது அலுமினியம். காந்தம் ஒட்டாது. எண்ணெய்க் கம்பித் துவாரத்துக்குள் விடும் ஹீற்றரின் சூடு அந்தக் குளிருக்குக் காணாது. ரேடியேற்றரின் கீழ்க் குழாயை வெட்டி இடையில் பொருத்தும் வகையும் உண்டு. குழாயை வெட்டுவதால் பூட்டு சரியில்லாவிட்டால் திரவம் கசியும்.

கடைசி வகை எஞ்சினின் உடலுக்குள்ளேயே பொருத்துவது. எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள சிறிய உலோக மூடி ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பூட்டுவார்கள். நாங்கள் வாளித் தண்ணீருக்குள் விடும் கொயில்போல, அதன் கம்பி எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவத்துக்குள் மூழ்கி நின்று சூடாக்கும். காரின் வகைக்கு ஏற்றதாகவே வாங்கவேண்டும். திரவத்தை வடித்துத்தான் பூட்டமுடியும் என்பதால் கூலி கூட. திரவத்தை நிரப்பிக் காற்றை வெளியேற்றும் முன் கரண்ட் கொடுத்தால் கம்பி எரிந்துவிடும். எனவே இதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்கவேண்டும்.

அக்கா கணக்குப் பார்த்தார். ஒரு மாதக் கையிருப்பு போகும். ஆனாலும் கடைசி வகையையே தெரிந்தெடுத்தார். "மலிவானதை வாங்கி இன்னொருநாள் எழும்பாட்டி, அந்த ஒருநாளில வேலை போயிடும்" என்றார்.

அவர் வாங்கியது 400 வாற்று ஹீற்றர். இரவு முழுவதும், அதாவது பத்து மணித்தியாலம் போட்டுவைத்தால் 4 யூனிற் மின்சாரம் செலவாகும். புறப்பட மூன்று மணித்தியாலம் முன்னர் தொடங்கினாலே போதும், 1.2 யூனிற்தான். அதற்காக ஒரு ரைமரும் வாங்கினார். வீட்டுக்குள் பாவிக்கும் மெல்லிய வயரைப் பாவிக்கக்கூடாது, சூடேறி உருகித் தீப்பிடிக்கலாம். வெளியிடத்துக்கென்றே செய்த, நிலத்தொடுப்பு உள்ள தடித்த வயர் வேண்டும். பிளக்கைக் கழற்ற மறந்து காரை எடுப்பவர்களும் உண்டாம். அதற்காக அக்கா வயரைச் சாரதிப் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றி வைப்பார். இன்னொன்றையும் மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார்: சூடேற்றுகிறோம் என்று மூடிய கராஜுக்குள் காரை ஓடவிடக்கூடாது. வெளிவரும் காபனோரொட்சைட்டு வாயு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

இந்த ஹீற்றரை ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர்கள் யாரோ கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியல்ல. வின்னிபெக்குக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால் உள்ள வட டகோற்றாவில் வாழ்ந்த அன்ட்ரூ ஃபிறீமன் என்பவர் 1949 இல் இப்படியொரு ஹீற்றருக்குக் காப்புரிமை பெற்றார். குளிரில் இருந்தவருக்குத்தான் குளிரின் தேவை தெரிந்திருக்கிறது.

ஹீற்றர் பூட்டிய மறுநாள் விடிய நானும் அக்காவோடு முற்றத்தில் நின்றேன். மூக்குமயிர் உறையும் குளிர். அக்கா பிளக்கைக் கழற்றினார், ஏறி இருந்தார், திறப்பைத் திருகினார். கார் ஒரே தடவையில் எழும்பியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனார்.

எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது எங்கள் வன்னிக் கிராமமொன்றில் இருக்கும் ஒரு தாய். போரில் கணவனை இழந்தவர். தோட்டம் செய்வதற்கு நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை வாழ்வாதார உதவியாகக் கொடுத்திருந்தோம். படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். பல மாதங்களின் பின் போனபோது மிளகாய்க் கன்றுகள் வாடிக் கிடந்தன. ஷெல் காயம் பட்ட அவரது வலது தோளால் இயந்திரத்தின் ஸ்ரார்ட் கயிற்றை இழுக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெடியன் வரும்வரை காத்திருந்து, அவன் வரும் நாட்களில் மட்டும் தண்ணீர் இறைத்திருக்கிறார். "ஏன் அம்மா முதலிலேயே சொல்லேல்லை?" என்று கேட்டேன். "ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை. தாறதையும் வேண்டாமெண்டு சொல்லுறதோ?" என்றார்.

உண்மைதான். சமூகவியல் படித்த நானும் கேட்கவில்லை. அந்த மெக்கானிக் கேட்ட மூன்று கேள்விகளை அந்தத் தாயின் முற்றத்தில் நான் கேட்டிருக்கவேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்த இயந்திரத்தை மாற்ற முயன்றோம். அவரது வீட்டுக்கு மின்சாரம் இருந்ததால், ஆளியைப் போட்டாலே ஓடும் மின் மோட்டார் ஒன்று கிடைத்தது. இன்று அவர் தான் நினைத்த நேரத்தில் தண்ணீர் இறைக்கிறார்.

சகோதரிகளே, உங்களுக்கென்று எவராவது ஒரு பொருளைத் தரும்போதும், நீங்களே ஒன்றை வாங்கும்போதும், அது தையல் இயந்திரமோ சைக்கிளோ எதுவாக இருந்தாலும், முதலில் சொல்லவேண்டியது உங்கள் நிலைமையை. எங்கே வைப்பேன், யார் இயக்குவார், என் கையால் முடியுமா, பழுதானால் யாரிடம் போவேன் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. என்னைப்போல வீடு தேடி வரும் உத்தியோகத்தர்கள் கேட்க மறந்தால், நீங்களே சொல்லுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.