எதிரணிப் பக்கத்து ஆசனம்

அன்புள்ள சிவகாமிக்கு,

படிக்கப்போன இடத்தில் லீட்ஸ் யுனைடெட் கால்பந்துச் சங்கத்துக்கு நீ அபிமானியாகிவிட்டதையும், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் எதிரணி அபிமானிகளுக்கென்று ஒதுக்கும் டிக்கெட்டுகளில் ஒன்று உனக்கு வாய்த்திருப்பதையும் உன் கடிதத்தில் படித்தபோது, லீட்ஸில் சில வருஷங்கள் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு உண்டான சந்தோஷத்தைவிட, உன் அம்மாவுக்கு உண்டான கலக்கமே இவ்வீட்டில் பெரிதாக இருக்கிறது. அவளைத் தேற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீ போய் உட்காரப்போகும் அந்த மூலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிற்று.

ஆன்ஃபீல்டு ஆதியில் லிவர்பூல் சங்கத்தாருடையதே அல்ல. 1884 முதல் அங்கே விளையாடி வந்தவர்கள் எவர்ட்டன் சங்கத்தார். பீர் காய்ச்சும் ஆலை முதலாளியான ஜான் ஹோல்டிங் என்பவருடன் வாடகை விஷயமாக மனஸ்தாபம் முற்றி, 1892-இல் அவர்கள் ஸ்டான்லி பூங்காவுக்கு அப்பால் கூடிஸன் பார்க்குக்குக் குடிபெயர்ந்துவிட, காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்த ஹோல்டிங் புதிதாக ஒரு சங்கத்தையே ஸ்தாபித்தார். அதுதான் லிவர்பூல். வீட்டுக்காரரோடு குடித்தனக்காரர் போட்ட சண்டையிலிருந்து இத்தனை கீர்த்தி வாய்ந்த சங்கம் பிறந்ததென்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருந்திருக்கிறது.

நீ அமரப்போவது ஆன்ஃபீல்டு ரோடு பக்கத்து கோலுக்குப் பின்னால். மைதானத்தின் மறுகோடியில், உனக்கு நேரெதிரே, சிவப்புத் துணிகள் அலைமோத நிற்கும் கூட்டத்துக்குக் 'கோப்' என்று பெயர். 1906-இல் அங்கே கூட்டம் நிற்க எழுப்பிய மண்மேட்டுக்கு, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பிரதேசத்திலுள்ள ஸ்பியான் கோப் என்ற குன்றின் பெயரை, உள்ளூர்ப் பத்திரிகையாளர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் சூட்டினார். 1900 ஜனவரியில் போயர் யுத்தத்தின்போது அக்குன்றின் உச்சியில் மாண்ட பிரிட்டிஷ் சிப்பாய்களில் லங்காஷயர் பட்டாளத்தார் அநேகர். அதே போர்க்களத்தில் காயம்பட்டோரைத் தூக்கிச் சுமந்த இந்தியப் படை ஒன்றும் இருந்தது. அதைத் திரட்டியவர் அப்போது நேட்டாலில் வக்கீல் தொழில் நடத்திவந்த காந்தி. அப்படையில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டங்களுக்கென்று சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய நம் ஜனங்களும் அவர்களுள் இருந்தனர். கோப் பக்கத்தை நீ முதன்முதலாகப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

பழைய நாட்களில் எதிரணிப் பக்கம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. திருவிழாவில் பக்கத்து ஊர்க்காரர் உள்ளூர்க்காரரோடு கலந்து நிற்பதுபோல, ரயிலில் வந்திறங்கிய வெளியூர் அபிமானிகளும் உள்ளூர்க் கூட்டத்தோடு நின்று பார்த்தார்கள். இடைவேளையில் தம் அணி கோல் போட முயலும் திசையை நோக்கி மைதானத்தைச் சுற்றி நடந்துபோய் இடம் மாறிக்கொள்வதும் பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வாலிபக் கூட்டங்களின் கைகலப்புகள் பெருகியபின் நிலைமை மாறிற்று. வெளியூரார் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டனர். அந்த மூலையைச் சுற்றிக் கம்பிவேலிகள் எழுந்தன. நான் போன காலத்தில் எங்களை ரயில் நிலையத்திலேயே குதிரைப் போலீஸார் வளைத்துக்கொண்டு மைதானம் வரை ஊர்வலமாக நடத்திச் செல்வார்கள். இடுப்பு இடிக்கும் ஒடுக்கமான செங்கல் சந்தில் சுழலும் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், ஈரக் கோட்டுகளின் கம்பளி நெடியும், காகிதக் கிண்ணத்தில் ஆவி பறக்கும் மாட்டிறைச்சிச் சாற்றின் நெடியும் ஒருசேர முகத்தில் அடிக்கும். ஆட்டம் முடிந்தபின், உள்ளூரார் கலையும்வரை எங்களை வெளியே விடமாட்டார்கள். டிக்கெட் வாங்கி வந்தவனைச் சந்தேகக் கைதியாக நடத்தும் இந்த ஏற்பாட்டில் அக்காலத்தில் எவருக்கும் விசேஷமான கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

வேலிகள் என்ன செய்யும் என்பதை, 1985-லேயே உன் பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டு தேசத்துக்குக் காட்டியிருந்தது. மே 11-ஆம் தேதி அவ்வூர் மைதானத்தின் மரக் கொட்டகை தீப்பற்றி 56 பேர் மாண்டனர். அந்தக் கொட்டகைக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே கம்பிவேலி இல்லாததனால்தான் ஆயிரக்கணக்கானோர் புல்வெளிக்குத் தாவிப் பிழைத்தனர். அதே மாதம் 29-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் அபிமானிகள் எதிர்ப்பக்கத்தாரின்மேல் பாய்ந்ததில் சுவர் சரிந்து, பெரும்பாலும் இத்தாலியரான 39 பேர் இறந்தனர். லிவர்பூலாரின் துக்கத்தைச் சொல்லவந்த நான் இதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் அதிகாரிகள் இவ்விரண்டு விபத்துகளில் கலவரத்தை மட்டுமே பாடமாக எடுத்துக்கொண்டு, கதவும் வழியும் பற்றிய பாடத்தைக் கைநழுவவிட்டார்கள்.

அதன் விலை 1989 ஏப்ரல் 15-ஆம் தேதி ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் தெரிந்தது. லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் மோதிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி அது. மைதானம் இருவருக்கும் சொந்தமல்லாதது. லிவர்பூலாருக்குக் கிடைத்தது லெப்பிங்ஸ் லேன் பக்கம், அதாவது வழக்கமாக எதிரணி அபிமானிகளை அடைக்கும் பக்கம். அங்கே நின்று பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் பெற்ற சுமார் 10,100 பேருக்கு ஏழே ஏழு சுழல்கதவுகள். வெளியே நெரிசல் முற்றவே, மூன்று மணி ஆட்டத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் போலீஸார் பெரிய வாயில் ஒன்றைத் திறந்துவிட்டனர். உள்ளே புகுந்த ஜனங்கள் நேரெதிரே தெரிந்த சுரங்கவழியாகப் போய், ஏற்கெனவே நிரம்பியிருந்த, வேலியால் பிரித்த நடுப் பட்டிகளில் சேர்ந்தார்கள். பக்கத்துப் பட்டிகளில் இடமிருந்தது. அங்கே போகும்படி சொல்வார் இல்லை. முன்னே கம்பிவேலி, பின்னே மேலும் மேலும் வருகிற கூட்டம். ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிஷம் நிறுத்தப்பட்டது. அன்றும் அதன் பின்னும் அந்நெரிசலின் காரணமாக இறந்தோர் 97 பேர். கடைசியாக இறந்தவர், முப்பத்திரண்டு வருஷம் அதன் பாதிப்போடு வாழ்ந்து 2021-இல் காலமானார்.

அபிமானிகளே கதவை உடைத்தார்கள் என்று போலீஸ் அதிகாரி பொய் சொன்னார். லண்டன் நாளேடு ஒன்று இறந்தவர்கள்மேல் அபாண்டங்களை முதல் பக்கத்தில் அச்சிட்டது. அதன் பெயரைக்கூட அந்நகரத்தார் பலர் உச்சரிப்பதில்லை, ஆகையால் அப்பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு லிவர்பூலில் இறங்கிவிடாதே. போலீஸாரின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்ததை 2012-இல் சுயேச்சையான குழு ஒன்று வெளிப்படுத்திற்று. மாண்டவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், அபிமானிகள்மேல் குற்றமில்லை என்றும் ஜூரிகள் தீர்ப்புரைத்தபோது வருஷம் 2016. நீதி இத்தனை சாவகாசமாக நடந்து வரும் தேசத்தை நாகரிகத்தின் சிகரம் என்று நம் பள்ளிப் புத்தகங்கள் புகழ்ந்துகொண்டிருந்தன!

டெய்லர் நீதிபதியின் 1990-ஆம் வருஷத்து அறிக்கைக்குப் பின் வேலிகள் வீழ்ந்தன. பெரிய மைதானங்கள் யாவும் ஆசனமயமாயின. நீ உட்காரப்போகும் நாற்காலி அந்த 97 பேரின் காரணமாக வந்தது. அதன் விலை 30 பவுண்டைத் தாண்டாததற்கும் ஒரு கதை உண்டு. 2016 பிப்ரவரியில், புதிய டிக்கெட்டுகளில் சிலவற்றுக்கு 77 பவுண்டு என்று லிவர்பூல் நிர்வாகம் அறிவிக்கவே, ஓர் ஆட்டத்தின் 77-ஆவது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான உள்ளூர் அபிமானிகள் எழுந்து வெளியேறினார்கள். அப்போது இரண்டு கோல் முன்னணியில் இருந்த லிவர்பூல், காலியான ஆசனங்களுக்கு முன் அவ்விரண்டையும் பறிகொடுத்தது. நிர்வாகம் பணிந்தது. அடுத்த மாதமே எதிரணி டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு தீர்மானமாயிற்று. பல வருஷங்களாக எல்லாச் சங்கத்து அபிமானிகளும் சேர்ந்து போராடியதன் பலன் அது.

எதிரணிப் பக்கத்திலிருந்து உற்சாகமாகக் கத்து; கேலிப்பாட்டும் பாடு; அதற்குத்தான் அந்த மூலை. ஆனால் உன் கூட்டத்தில் எவனாவது ஹில்ஸ்பரோவைக் குறித்துப் பரிகாசமாகப் பாட ஆரம்பித்தால், நீ வாயைத் திறவாதே. 2000 ஏப்ரலில் இஸ்தான்புலுக்கு ஆட்டம் பார்க்கப்போன லீட்ஸ் அபிமானிகள் இருவர் கத்திக்குத்துக்கு இரையானார்கள். அதைச் சொல்லிப் பிற ஊரார் பரிகசிக்கும்போது லீட்ஸ்காரர் முகம் எப்படி மாறுகிறது என்பதை நீயே பார்த்திருப்பாய்.

ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் லீட்ஸும் சந்தித்த ஒரு நாளைச் சொல்லாமல் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. 1969 ஏப்ரல் 28. லீட்ஸுக்குச் சமநிலை கிடைத்தாலே முதன்முறையாக லீக் பட்டம். துரத்திவந்த ஒரே போட்டியாளர் லிவர்பூல்தான். கோல் விழாமல் ஆட்டம் முடிந்தது. லீட்ஸ் நிர்வாகி டான் ரெவி, தம் ஆட்டக்காரர்களைக் கோப் பக்கமாகப் போய் நிற்கச் சொன்னார். பட்டத்தைப் பறிகொடுத்த ஆயிரமாயிரம் பேரின் எதிரில் போய் நிற்க அவர்கள் தயங்கியதில் ஆச்சரியமில்லை. ஒரு கணம் மௌனம். பிறகு கோப் முழுவதும் 'சாம்பியன்கள்' என்று லீட்ஸை வாழ்த்தி முழங்கிற்று. ஹில்ஸ்பரோவுக்கு ஆறு வாரம் கழித்து, அதே ஆன்ஃபீல்டில் கடைசி நிமிஷக் கோலால் பட்டத்தைத் தட்டிச்சென்ற ஆர்ஸனலுக்கும் அம்மக்கள் கைதட்டவே செய்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லைம் ஸ்ட்ரீட் நிலையத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்துவிடு. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பெரும்பாலும் இறக்கம். லீட்ஸுக்கு மான்செஸ்டர் வழியாகப் போகும் வண்டி கிடைக்கும். ஆட்டத்துக்கு முன்னால் அவகாசமிருந்தால் பிரதான அரங்கின் பக்கமாக உள்ள ஹில்ஸ்பரோ நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டுப் போ. எதிரணிக் கழுத்துத்துணி அணிந்தவர்களும் அங்கே தாராளமாக நிற்கலாம்.

இப்படிக்கு,
உன் மாமா