கணினி குடிபெயர்ந்த கதை

11 ஆண்டுகள் உழைத்த எமது பழைய கணினி சென்ற மாதம் முனகத் தொடங்கிற்று. அதன் விசிறியின் ஓசை அயலார் வந்து விசாரிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் புதியதொன்றை வாங்கினோம். பெட்டியை மாற்றுவது எளிது. உள்ளே குடியிருந்ததை மாற்றுவதன்றோ பெரும்பாடு!

எமது பாட்டனாரின் நாட்குறிப்பேடுகள் 17. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது, சட்டி பானைகளை விட்டுவிட்டு, அவற்றைத் துவிச்சக்கர வண்டியில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டு சென்றவர் எமது தந்தையார். போருக்குத் தப்பியவை பின்னாளில் கறையானுக்குத் தப்பவில்லை. நல்லவேளையாக, அதற்கு முன்பே பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருந்தோம். அப்படங்கள் எம்மிடமும், ரொறன்ரோவில் தமக்கையாரிடமும், இலண்டனில் தம்பியிடமும் உள்ளன. மூன்று கணினிகளையும் இணைப்பது சிங்க்திங் என்னும் மென்பொருள். படங்களைச் சேமித்து வைக்கும் தலைமைக் கணினி என்று நடுவில் எதுவும் இல்லை. ஒன்றோடொன்று நேரே கொடுக்கல் வாங்கல் செய்யும். ஒன்றிற் சேர்த்தது மற்றவற்றிலும் சேரும். ஒன்றில் அழித்தது மற்றவற்றிலும் அழியும்.

ஒவ்வொரு கணினியின் அடையாளமும் இரண்டு சிறு கோப்புகளில் அடங்கும். அவற்றை எடுத்துச் சென்றால், புதிய கணினியையும் மற்றவை பழைய உறவாகவே கொள்ளும். நாம் அவற்றோடு, எந்தெந்தப் படங்கள் உள்ளன என்று மென்பொருள் எழுதி வைத்த பட்டியலையும் பெயர்த்தோம். படங்களைப் பெயர்க்கவில்லை. அவை தாமாக வந்து சேரும் என்பது எமது எண்ணம்.

மென்பொருளோ இயங்க மறுத்தது. படக் கோப்புறைக்குள் ஒளிந்திருக்க வேண்டிய சிறு அடையாளக் குறி காணப்படவில்லையாம். ‘இவ்வளவுதானே, அதை நாமே உண்டாக்கிவிடலாம்’ என்று கையை நீட்டிய வேளையில், தமக்கையாரின் மகன் தொலைபேசியில் அழைத்தான். விடயத்தைச் சொன்னோம்.

“மாமா, அதைச் செய்து போடாதேங்கோ! பட்டியலிலை படம் இருக்கு, பெட்டியிலை இல்லை. நீங்கள் அழிச்சுப் போட்டியள் எண்டு அது நினைக்கும். பிறகு இங்கையும் அழியும், லண்டனிலையும் அழியும்.”

எமக்குக் கை குளிர்ந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகளின் அவசரத்தைக் கண்டிப்பவர் நாம்!

பழைய கணினியில் மென்பொருளை நிறுத்தினோம். ஓர் அடையாளத்துடன் இரண்டு கணினிகள் ஒரே வேளையில் இயங்கலாகாது. பின்னர் படங்களை அக்குறியோடு வன்தட்டில் ஏற்றிப் புதியதில் இறக்கினோம். மூன்று கணினிகளும் ஒத்திருக்கின்றன என்று திரை அறிவித்தபோது நள்ளிரவு கடந்து இரண்டு மணி. ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தோம். புகையிலைத் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, பாட்டனாரின் சாய்ந்த எழுத்தில் அப்படியே இருந்தது. அதை முழுவதும் வாசித்த பின்னரே படுக்கச் சென்றோம்.