பாட்டனார் கடிகாரம்

எங்கள் வீட்டிலே பழைய கைக்கடிகாரம் ஒன்று உண்டு. அதனை அழகுடையதென்று இதுகாறும் எவரும் சொன்னதில்லை. மேற்பூச்சாகிய குரோமியம் தேய்ந்து விளிம்பெங்கும் பித்தளை வெளிப்பட்டு, அப்பித்தளையிலும் களிம்பு ஏறியிருந்தது. ஒருகால் வெண்மையாயிருந்த முகப்பு பழுப்பேறி, நான்கு என்னும் எண்ணருகே புளிக்கறை போன்றதொரு மாசு பரந்து கிடக்கிறது. நிமிஷ முள்ளோ வேறொரு கடிகாரத்தினின்றும் எடுத்துப் பொருத்தியது; மணி முள்ளோடு அதற்கு எவ்வித உறவுமில்லை. இராசிபுரத்தை அடுத்த சிற்றூரொன்றில் உபாத்தியாயராயிருந்த என் பாட்டனார் நாற்பதாண்டுக்கு மேலாக அதனைத் தம்முடையதாகக் கொண்டிருந்தார். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின் பெட்டியிற் கிடந்த அதனைச் சென்ற கோடை விடுமுறையில் நான் எடுத்துச் சாவி கொடுத்தேன். ஓடிற்று. அன்று தொடங்கியது வழக்கு.

கடிகாரம் எச்.எம்.டி. 'ஜனதா'. ஜப்பான் தேசத்துச் சிட்டிசன் கம்பெனியாரின் துணைகொண்டு 1961-ஆம் ஆண்டில் பெங்களூரிலே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலையின் சரக்கு. பதினேழு கற்கள் பதித்தது. நாடோறும் சாவி கொடுக்கவேண்டுவது. பரீட்சையில் தேறினவனுக்கும் புதுமாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. கடிகாரமே பரிசு என்றிருந்ததொரு காலம் உண்டு. மத்திய அரசாங்கத்தார் 2016-இல் அக்கடிகாரக் கம்பெனியை மூடுவதெனத் தீர்மானித்தனர். மூடிய பின்னரே அதன் சரக்கைத் தேடுவோர் பெருகினர் போலும்! பழைய ஜனதாக்களை வாங்கி, முகப்பைச் சுரண்டி, நீலமும் செம்மஞ்சளுமாக வர்ணம் பூசி, எழுத்தைப் புதிதாக அச்சிட்டுக் கடல் கடந்து விற்போரும் நம் தேசத்தில் இருக்கின்றனர். அவ்வெழுத்துக்கள் பெரும்பாலும் கோணலாயிருக்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமனார் கடிகாரத்தைக் கண்டவுடனே, "தம்பி, இதை என்னிடம் கொடு. மெருகிட்டு, முலாம் பூசி, முகப்பையும் மாற்றித் தருகிறேன். பார்த்தவன் புதிதென்றே சொல்லுவான்" என்றார். அவரைக் குறை கூறுதல் தகாது. பழையதைப் புதியதாக்குதல் எங்கள் சீமையின் கைத்தொழில். நாமக்கல்லிலே லாரிக்குக் கூடு கட்டுவோர் பதினைந்தாண்டு ஓடிய வண்டியையும் மணப்பெண்போற் சிங்காரித்து அனுப்புவர்.

நானோ தமிழ் படிக்கிறவன். எனக்குச் சாமிநாதையரவர்களே பிரமாணம். 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது, ஏடு சிதைந்து சொல் மறைந்த இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்ப அவருக்கு இயலாதா? அவர் அங்ஙனம் செய்திலர். வெறுமையை வெறுமையாகவே காட்டினார். கடிகாரத்தின் கறையும் அத்தகைய சிதைவே என்று வாதித்தேன். இன்னுமோர் உதாரணமும் காட்டினேன். ரோலக்ஸ் கம்பெனியாரின் 'டேட்டோனா' வகையில் ஒருவித முகப்பு, வெளிவந்த காலத்தில் அழகில்லையென்று கடைகளிலே தங்கிப்போயிற்று. அத்தகையதொன்றைப் பால் நியூமன் என்னும் நடிகர் கட்டியிருந்தார். 2017-இல் நியூயார்க்கில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மாமனார் சிரித்து, "உன் பாட்டனார் எந்தப் படத்தில் நடித்தார்?" என்றார்.

என் தந்தையார் இவ்விவாதத்தில் வாய் திறக்கவில்லை. முடிவில், "முகப்பை மாற்றிவிடு" என்று மாத்திரம் சொன்னார்.

அவரும் நானும் சேலத்திலே முதிய கடிகாரக்காரர் ஒருவரிடம் சென்றோம். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணிற் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மூடியின் உட்புறத்தை எனக்குக் காட்டினார். ஊசியாற் கீறிய சிற்றெழுத்துக்கள் அங்கே இருந்தன. பழுது பார்ப்போர் தாம் கைவைத்த நாளை இவ்வாறு குறித்துவைத்தல் உலகெங்குமுள்ள வழக்கமாம். 1969, 72, 75, 79, 83 என ஒழுங்காய் வந்த வரிசை அதன்மேல் 1990-க்குத் தாவிற்று. "இடையிலே ஏழு வருஷம் எண்ணெய் காணவில்லை. அந்தக் காலத்திலேதான் நீர் இறங்கியிருக்கிறது. முள் துருப்பிடித்து, 90-இலே மாற்றியிருக்கிறார்கள்" என்றார் அவர்.

தந்தையார் முகம் வேறுபட்டது. பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் வழியிலே அவர் சொன்னார்: "1986-இலே என் கல்லூரிப் பணத்துக்காக அதை அடகு வைத்தார். மீட்க மூன்று வருஷத்துக்கு மேலாயிற்று. அடகுக்கடை இரும்புப் பெட்டியிலே மூன்று மழைக்காலம் கிடந்தது. அதுவரையில் பள்ளிக்கூடத்து மணியை நிழல் பார்த்து அடித்தார். ஊரார் கேட்டால், 'பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன்' என்பார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான், தம்பி."

என் சுவடி நியாயம் அவ்விடத்திற் செல்லவில்லை. நான் பழமை என்று கொண்டாடிய கறை அவருக்குக் கடனாயிருந்தது. பிறர் பட்ட வெட்கத்தைக் காப்பாற்றிவைக்க எனக்கென்ன உரிமை? "அப்பா, அழித்துவிடுவோம்" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை.

மறுவாரம் அவரே கடிகாரக்காரரிடம், "முகப்பைத் துடைத்துக் கொஞ்சம் வெளுக்கச் செய்யலாகாதா?" என்று கேட்டார். "ஈரத்துணி பட்டால் கறையோடு எழுத்தும் வந்துவிடும். வைத்தால் முழுதும் வைக்கவேண்டும், அழித்தால் முழுதும் அழிக்கவேண்டும்" என்றார் அவர். தந்தையார் நெடுநேரம் கடைவாயிலில் நின்றார். பிறகு, "முகப்பு இருக்கட்டும். பெட்டிக்கு மட்டும் முலாம் போடுங்கள், களிம்பு பையன் கையை அரிக்கிறது" என்றார்.

பெட்டிக்கு முலாம் பூசுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. மெருகுச் சக்கரத்திற் பிடித்தால் விளிம்புகள் மழுங்கும்; அவ்வாறே மழுங்கின. ஆயினும் வாய் திறந்தேனல்லேன். கண்ணாடி புதிது, எண்ணெய் புதிது, முள் 1990-இன் முள்ளே. பளபளக்கும் பெட்டிக்குள்ளே பழுத்த முகத்தோடு இப்போது அது முன்னிலும் விகாரமாயிருக்கிறதென்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என் தங்கை அதனைப் புதுவேட்டி கட்டிய கிழவர் என்கிறாள். மாமனார் இன்றும் அதைப் பார்க்க மறுக்கிறார்.

மூடியின் உட்புறத்தில் வரிசையின் கீழே கடிகாரக்காரர் தம் குறியையும் இவ்வாண்டையும் கீறியிருக்கிறார். நாளொன்றுக்கு நான்கு நிமிஷம் பிந்துகிறது. தந்தையாரிடம் கைப்பேசி உண்டு, எனினும் ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்படுகையில், "மணி என்ன, தம்பி?" என்று என்னையே கேட்கிறார். நான் நான்கு நிமிஷம் கூட்டிச் சொல்லுகிறேன்.