மீன் வாடை சொல்லும் செய்தி

உயிரணு ஒவ்வொன்றையும் ஓயாது இயங்கும் ஒரு துறைமுகம் எனலாம். அங்கே இரவு பகலாக உழைப்பவை புரதங்கள். நீண்ட சங்கிலியாகப் பிறக்கும் புரதம், தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் பயன்படும். அச்சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதை 1963-ஆம் ஆண்டு உலகுக்கு வரைந்து காட்டியவர்கள், நம் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஆவர்.

கடும் வெப்பமோ நஞ்சோ தாக்கினால் மடிப்புக் கலைகிறது. முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு இறுகுவதும் இதனால்தான். இத்தகைய இடர் வரும்போது உயிரணு, துணைப் புரதங்களை மிகுதியாக உண்டாக்குகிறது. இவற்றுக்கு ஷாப்பரோன் என்று பெயர். மேனாட்டில் இளம்பெண்களுக்கு வழித்துணையாகச் சென்ற மூத்த பெண்மணியை அப்படித்தான் அழைப்பார்கள். சுற்றுலாவில் எங்களுடன் வரும் அருட்சகோதரிகளை நாங்கள் நினைத்துக்கொண்டோம்!

துணைப் புரதங்கள் கலைந்ததை மீண்டும் மடிக்க முயல்கின்றன. திருந்தாத புரதத்தின்மீது யுபிக்யூட்டின் என்னும் சிறு புரதம் அடையாளச் சீட்டாக ஒட்டப்படுகிறது. சீட்டுப் பெற்றதைப் புரோட்டியசோம் என்னும் அமைப்பு துண்டு துண்டாக்குகிறது. அத்துண்டுகள் மேலும் சிதைந்து அமினோ அமிலங்களாகிப் புதுப் புரதம் கட்ட உதவுகின்றன. யுபிக்யூட்டின் வழியாகப் புரதம் சிதையும் முறையைக் கண்டறிந்த சிச்சனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவரும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, நம் காசிமேட்டுக்கு வரும் சுறாவைப் பார்ப்போம். கடல்நீரின் உப்புக்கு ஈடாக அது உடலில் யூரியாவைத் தேக்கி வைக்கிறது. யூரியாவோ புரத மடிப்பைக் குலைப்பது! அதைத் தடுக்க டி.எம்.ஏ.ஓ. என்னும் பொருளையும், யூரியாவில் ஏறக்குறையப் பாதியளவு, சுறா வைத்திருக்கிறது. ஆழ்கடல் மீன்களின் புரதங்களை நீரழுத்தத்திலிருந்து காப்பதும் இப்பொருளே. இதற்கு மணம் இல்லை. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் இதைச் சிதைக்கும்போதுதான் மீன் வாடை எழுகிறது. ஐஸ் போட்டால் வாடை தாமதமாவதும் இதனாலேயே.

எங்கள் தாய்மார்கள் கூடையுடன் பேருந்தில் ஏறினால் மூக்கைப் பொத்தி விலகுவோர் உண்டு. எங்களுள் சிலர் பள்ளிக்கு வருமுன் இருமுறை சோப்புப் போட்டுக் குளிப்பதும் அதனால்தான். ஆனால் அந்த வாடை, கடலில் ஓர் உயிரைக் கட்டிக் காத்த பொருளின் மிச்சம் அன்றோ! எங்கள் கல்விக் கட்டணமும் அந்தக் கூடையிலிருந்தே வருகிறது. ஆகவே தோழியரே, நாம் தலைகுனிய வேண்டியதில்லை. சின்னஞ்சிறு உயிரணுவுக்கும் காவல் வைத்த இறைவனுக்கு நன்றி கூறி, நம் அன்னையரின் கூடையை நாமும் ஒரு கை பிடிப்போம்.