உடைப்பெடுத்த குருதி

புண் என்றால் மருந்து, கட்டு, சில நாள் ஓய்வு; அத்துடன் ஆறிவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் காரணம் புண்ணில் இல்லாமல், அதனடியில் ஓடும் குருதியில் இருந்தால்? விலங்கியல் மாணவனாகிய எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது என் சித்தப்பாவின் கால்.

அவர் உழவர். சிறுவயது முதலே அவருடைய இடக்கால் சற்றுப் பருத்தும் சூடாகவும் இருக்கும். கணுக்காலுக்கு மேலே வந்த புண் மூன்றாண்டுகளாக ஆறவில்லை. நரம்புச் சுருட்டு என்றார் ஒருவர். முன்வினை என்றார் இன்னொருவர். ஓரிரவு அப்புண்ணிலிருந்து குருதி பீறிட்டது. படுக்கவைத்துக் காலை உயர்த்தி, தூய துணியால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனை சேர்ந்தோம்.

மருத்துவர் புண்ணைச் சுற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என்னையும் வைக்கச் சொன்னார். தோலுக்கடியில் தேனீக்கூட்டம் இரைவது போன்ற அதிர்வு! தமனியும் சிரையும் இடையில் தந்துகிகள் இன்றி நேராக இணைந்துவிட்டதன் அடையாளம் அது. குருதி வாங்கும்போது கத்தி பட்டு முழங்கையில் இவ்வாறு நேர்வதை வில்லியம் ஹன்டர் 1757ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். சித்தப்பாவுக்கோ இது பிறவியிலேயே அமைந்தது.

"வாய்க்கால் நீர் வயலில் பாயாமல், உடைப்பெடுத்து நேரே வடிகாலில் விழுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார் மருத்துவர்.

"வயல் காயும், வடிகால் கரையை அறுக்கும்."

"உங்கள் காலிலும் அதுதான். தோலுக்கு உணவில்லை, சிரைக்கோ தாங்க முடியாத அழுத்தம்."

"அப்படியானால் தலைமதகையே அடைத்துவிடலாமே, ஐயா?"

"கூடாது. பெரிய தமனியைக் கட்டினால் சிறு குழாய்கள் சுற்றுவழியில் குருதியைக் கொண்டுவந்து அங்கேயே கொட்டும், காலும் வாடும். உடைப்பைத்தான் அடைக்க வேண்டும்."

குருதிக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். தொடையிடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, குருதி பட்டதும் இறுகும் பசையால் அந்த இணைப்புகளை அடைத்தார்கள். ஒருமுறையில் முடியவில்லை, மூன்று முறை செய்தார்கள். பின்பே புண்ணுக்கு இட்ட மருந்து பிடித்தது. சில மாதங்களில் புதுத்தோல் மூடியது. அதிர்வு முற்றும் அடங்கவில்லை. மீண்டும் வழி திறக்கக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்கிறார்.

நண்பர்களே! நம் ஊர்த் திண்ணைகளில் ஆறாப் புண்ணோடு அமர்ந்திருப்போர் பலர். அனைவர்க்கும் காரணம் இதுவன்று. ஆயினும் ஆறாத புண் ஏன் ஆறவில்லை என்று கேட்காமல் கட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது, உடைப்பை விட்டுவிட்டு வயலுக்கு உரமிடுவது போன்றதன்றோ?