கம்பத்தில் ஒரு கடற்கொள்ளையன்!

ராத்திரி சென்னையில் பஸ் ஏறிப் படுத்தால், விடிகாலையில் ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போது மூக்கில் ஒரு குளுமை வந்து உட்காரும். கண் திறக்காமலே 'ஊர் வந்துருச்சு' என்று தெரிந்துவிடும். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம்... அப்புறம் கம்பம். இரண்டு பக்கமும் மலை. நடுவே வயல், தென்னை, பன்னீர் திராட்சைப் பந்தல். எல்லாம் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரின் உபயம்.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு நாலு நாள் லீவில் வந்த நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பில் இங்கிலாந்தைக் கொள்ளையடித்தேன்!

'அஸாஸின்ஸ் க்ரீட் வல்ஹாலா' என்று ஒரு வீடியோ கேம். யுபிசாஃப்ட் கம்பெனி 2020 நவம்பரில் வெளியிட்டது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு நார்வேயில் கதை தொடங்குகிறது. நாம்தான் ஈவோர் என்கிற வைக்கிங். ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். கப்பலில் இங்கிலாந்து போய், ராவன்ஸ்தோர்ப் என்று ஒரு குடியிருப்பு போட்டு, அதை ஊராக வளர்க்க வேண்டும். கதையை மட்டும் முடிக்கவே சுமார் 60 மணி நேரம். (ஆபீஸில் இவ்வளவு உழைத்திருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன்.)

குறை சொல்ல மனசு வராத அழகு, சார். பனி, ஆறு, மஞ்சள் இலைக் காடு. உயரமான இடத்தில் ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கண்ணில் விரியும். நம்ம காக்கைக்கு அண்ணன் மாதிரி ஓர் அண்டங்காக்கை வானத்திலிருந்து வேவு பார்த்துச் சொல்லும். எதுகை மோனையோடு ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொள்ளும் போட்டி கூட உண்டு. லாவணிக் கச்சேரியேதான்!

ஆனால் முக்கியமான வேலை கொள்ளை. ஆற்றங்கரை மடாலயத்தைப் பார்த்ததும் கொம்பு ஊத வேண்டும். ஆட்கள் 'ஹோ'வென்று குதிப்பார்கள். கூரைக்குத் தீ. பெட்டியில் இருப்பதை அள்ளிக்கொண்டு வந்தால் நம் ஊரில் புதுக் கட்டடம் எழும்பும். நிராயுதபாணிகளைக் கொன்றால் மட்டும் 'ஈவோர் அப்படிச் செய்யவில்லை' என்று ஆட்டம் கண்டிக்கும். நிஜ வைக்கிங்குகள் 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தில் இறங்கியபோது அப்படிக் கண்டிக்க ஆளில்லை. பிடித்தவர்களை அடிமைகளாக விற்ற விவகாரத்தையும் இந்த ஆட்டம் பெரும்பாலும் நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறது.

இரண்டாம் நாள் மத்தியானம், காப்பியோடு வந்த அப்பத்தா திரையை எட்டிப் பார்த்தாள்.

"யாருடா இவனுக, ஓலைக் கொட்டாய்க்குத் தீ வெக்கிறானுக?"

"வைக்கிங், அப்பத்தா. கடல் கொள்ளைக்காரங்க."

"நீ எந்தப் பக்கம்?"

"கொள்ளைக்காரங்க பக்கம்தான்."

"ஏன், காப்பாத்துற பக்கம் ஆடக் கூடாதாக்கும்?"

"அதுக்கு இதுல வழியில்ல."

"சடுகுடுன்னாலே கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளு வேணும்டா. இது என்ன வெளையாட்டு?" என்று உட்கார்ந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "உங்க தாத்தா பாத்திருந்தா வெரட்டியிருப்பாக. கெடையில கெடந்த மாட்டை ராவோட ராவா எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான், கூடலூருக்கு அங்கிட்டு. இவுகளும் இன்னும் நாலு பேரும் பின்னாலயே போனாக. மாடு பதினொண்ணும் வந்து சேந்துச்சு. காலுதான் பழையபடி வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தா நொண்டுவார், தெரியும். புளியமரத்திலிருந்து விழுந்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். யாரையும் கேட்டதில்லை.

மறுநாள் காலை பைக்கை எடுத்தேன். முதலில் கம்பத்திலேயே நந்தகோபாலன் மாட்டுத்தொழு. மாட்டுப் பொங்கலன்று சனம் வந்து மாட்டையே சாமியாகக் கும்பிடும் இடம். அப்புறம் கூடலூர். டீக்கடை, டிராக்டர், வெயிலில் அசை போடும் இரண்டு மாடுகள். இதற்கு 'அங்கிட்டு' என்றால் எங்கே? மலைதான் தெரிந்தது. லோயர் கேம்ப் வரை போய், அணை கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசி நாள் தேனி நண்பனோடு புலிமான்கோம்பை. ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைப் பக்கம் இருக்கும் சின்னக் கிராமம். 2006-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். எழுத்து தமிழ் பிராமி. வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். அதாவது வைக்கிங்குகளுக்கு ஆயிரம் வருஷம் மூத்தது. அதில் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில் உயிர்விட்ட பேடு ஊர் தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாடு கவர்தல்! அந்தக் கூடலூர் நம்ம கம்பம் பக்கத்துக் கூடலூராக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு.

பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக உருப்போட்டது அந்த வைகைக் காற்றில்தான் உறைத்தது. மாடு கவரப் போகிறவன் சூடுவது வெட்சிப் பூ. மீட்கப் போகிறவன் சூடுவது கரந்தைப் பூ. நம் ஆள் இரண்டு பக்கத்துக்கும் பூ வைத்திருக்கிறான். பல கோடி கொட்டிச் செய்த கேமில் வெட்சி மட்டும்தான் இருக்கிறது. கரந்தைக்காரர்கள் எல்லாம் வெட்டுப்பட வந்து நிற்கும் கூட்டம்.

வைக்கிங்குகளும் கல் நட்டவர்கள்தான். இங்வார் என்பவன் பின்னால் கிழக்கே போய்த் திரும்பாதவர்களுக்காகச் சுவீடனில் நட்ட கல்வெட்டுகள் சுமார் 25 இன்றும் நிற்கின்றன. அங்கேயும் ஓர் அப்பத்தா வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். கேமில் செத்தால் பத்து விநாடியில் எழுந்துவிடலாம். தீயன் அந்தவன் எழுந்திருக்கவில்லை, அதனால்தான் கல்.

ஆட்டம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். காசுக்கு மோசமில்லை. ஆனால் கொம்பு ஊதும்போது எனக்கு இப்போதெல்லாம் கரையில் நிற்கிறவன் மேல்தான் கண் போகிறது.

அன்று ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பத்தாவிடம் கேட்டேன்.

"தாத்தாவுக்கு எந்தக் கால் அப்பத்தா?"

"வலது காலு. சின்னப் பிள்ளையில நீதானடா அவுக பின்னாடியே நொண்டி நொண்டி நடந்து காட்டுவ, மறந்துட்டியா?"

"அது... தாத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? திரும்பிப் பாத்தா நீ நிறுத்திருவேன்னுதான் நேரா பாத்துக்கிட்டே நடப்பாக" என்றாள், முறுக்குப் பொட்டலத்தைப் பையில் திணித்தபடி.