கல்மரமும் நாலு கொம்பும்

பாடாலூரில் பஸ்ஸை விட்டிறங்கி, வண்டி பிடித்துச் சாத்தனூர்க் கல்மரத்தைக் காணச் சென்றோம். 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த மரம். நீளம் 18 மீட்டர்.

புத்தகத்தில் சிவதீரியத்தின் படத்தைப் பார்த்திருந்த நம் குமாரன், "அந்த நாலு கொம்பு மிருகம் இதன் தழையைத்தானே தின்றது, அப்பா?" என்றான்.

ஆம் என்றிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. மரம் சாய்ந்து சுமார் 12 கோடி வருஷமாகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான அப்பிராணி தோன்றியதோ, ஒரு கோடி வருஷத்துக்குள்தான்! எலும்பு கிடைத்ததும் வடக்கே சிவாலிக் குன்றுகளில். 1836-இல் சிவன் பெயரைச் சூட்டியவர்கள் பால்கனர், காட்லி என்ற வெள்ளைக்காரர்கள்.

பையன் முகம் வாடிற்று. மரத்தை ஒருமுறை சுற்றி வந்தான். "பாவம், அது வரும், வரும் என்று காத்திருந்தே இது கல்லாய்ப் போச்சு!" என்றான்.

இதற்கு நாம் மறுப்புச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.